இஞ்சி வண்டி ஏன் புகைகிறது?

"தீ! தீ!" என்று கத்திக்கொண்டே சாயாக்கடை ஷாஜி சேட்டன் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

ஒரு காரின் அடியில் படுத்திருந்த மாரிச்செல்வம் உருண்டு வெளியே வந்தான். அவனுடைய மட்டாஞ்சேரிப் பட்டறை வாசலில் முனியாண்டியின் பழைய பிக்கப் வண்டி இஞ்சி மூட்டைகளோடு நின்றிருந்தது. முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் வெள்ளைப் புகை.

"சேட்டா, ஊத்தாதீங்க! சூட்டுல தண்ணி பட்டா பிரேக் டிஸ்க் கோணிப்போகும்!"

ஷாஜி வாளியைக் கீழே வைத்தார். "எந்தா மாரி, இது மூணாவது தடவையல்லே? நீ வண்டிக்கு வேலை செய்யறியா, சாம்பிராணி போடறியா?"

மாரிக்குச் சிரிப்பு வரவில்லை. முனியாண்டி கதவைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார். மறுபக்கமிருந்து அவர் மனைவி காளியம்மை இறங்கி வந்தாள்.

"தம்பி, இன்னைக்கு எப்படியாவது கண்டுபிடிச்சிரு. இன்னொரு தடவை வழியில நின்னா நாளையிலேருந்து வேற வண்டின்னு குடோன்காரர் சொல்லிட்டார். இந்த இடப்பள்ளி ஓட்டத்தை விட்டா எங்களுக்கு வேற ஓட்டமே இல்ல."

மாரி ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கினான். பிரேக் பிடித்த பிடியை விடாமல் உரசிக்கொண்டே வந்தால்தான் இப்படிப் புகையும். அப்படியானால் சக்கரம் கையால் சுற்ற வரக்கூடாது. ஆனால் அதுவோ ராட்டினம் போலச் சுற்றியது. வலது சக்கரமும் அப்படியே.

முதல் தடவை டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றித் துருவெல்லாம் தேய்த்துக் கிரீஸ் வைத்தாயிற்று. இரண்டாம் தடவை பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாய்களைப் புதிதாக மாற்றியாயிற்று. இன்று காற்று எடுக்கும் திருகைத் தளர்த்திப் பார்த்தான். உள்ளே அழுத்தம் அடைபட்டிருந்தால் எண்ணெய் பீய்ச்சியடிக்க வேண்டும். இரண்டு சொட்டு வடிந்து நின்றது. பெடலை அமுக்கி விட்டான். முழுசாக மேலே வந்தது. ஒரு பக்கம் மட்டும் சூடானால் அந்தப் பக்கக் கோளாறு என்று சொல்லலாம். இங்கே இரண்டும் ஒரே சூடு. பின்னால் போய்த் தொட்டான். அங்கேயும் கை வைக்க முடியவில்லை!

மண்டை காய்ந்தது.

பட்டறை வழக்கப்படி, வேலை முடிந்த வண்டியை மெக்கானிக்தான் தனியாக ஓட்டிப் பார்ப்பான். டிரைவருக்கு அந்த நேரம் சாயா. சூடு ஆறியதும் மாரி அந்த லோடோடேயே பள்ளுருத்தி வரை போய்த் திரும்பினான். புகை இல்லை, உரசல் இல்லை. சக்கரம் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். போன இரண்டு தடவையும் இதே கதை.

"உன்கிட்ட பசு மாதிரி இருக்கு. என்கிட்ட மட்டும் சண்டை பிடிக்குது" என்றார் முனியாண்டி, சாயா கிளாஸைத் தடவி எடுத்தபடி.

"பின்னே? ரெண்டு மாசமா அக்காவைப் பக்கத்தில வச்சல்லே ஓட்டறீங்க! வண்டிக்கு அசூயை!" என்றார் ஷாஜி.

"வாயை மூடிட்டு சாயாவை ஆத்து, போ" என்றாள் காளியம்மை.

மாரி வண்டியை இன்னொரு சுற்று சுற்றிவந்தான். பின்னால் பிரேக் லைட் இரண்டும் எரியவில்லை.

"அது மாத்த மாத்த ஃபியூஸ் போகுது தம்பி" என்றாள் காளியம்மை.

புது பல்பு இரண்டு போட்டான். அப்போதும் மனம் ஆறவில்லை. 'என் கையில் ஓடுகிற வண்டி இவர் கையில் மட்டும் ஏன் எரிகிறது?'

"அண்ணே, நீங்க இடப்பள்ளிக்குக் கிளம்புங்க. நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே வர்றேன்."

முனியாண்டி மனைவி பக்கம் முகத்தைத் திருப்பினார். "எதுக்குத் தம்பி சிரமம்?" என்றாள் அவள் அவசரமாக. மாரி அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டான்.

வண்டி நகர்ந்தது. பிரேக் லைட் சிவப்பாக எரிந்தது. சந்து தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தும் எரிந்தது. எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லாத இடத்திலும் எரிந்தது. கியர் மாற்றும்போது மட்டும் ஒரு கணம் அணைந்தது. கிளச்சை விட்டதும் மறுபடி சிவப்பு. கிளச்சுக்கு மட்டுமே வேலையுள்ள இடது கால், மற்ற நேரமெல்லாம் பிரேக் மேல்!

ஓட்டப் பழகுகிறவன்கூட இப்படிச் செய்யமாட்டானே! இருபது வருஷ டிரைவருக்கு என்ன வந்தது?

சுள்ளிக்கல் சந்திப்பில் முந்திப் போய்க் கையைக் காட்டி நிறுத்தினான். சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரத் தொடங்கியிருந்தது. ஜன்னலோரம் போனான்.

"அண்ணே, வண்டியில ஒரு கோளாறும் இல்ல. நீங்கதான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றீங்க. ஏண்ணே?"

முனியாண்டி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, அவன் தோளுக்கு அப்பால் எங்கேயோ பார்த்தார். காளியம்மை எட்டி அவர் முழங்காலில் கை வைத்தாள்.

"கத்தாதே தம்பி, ரோட்டை நான்தான் பார்த்துச் சொல்றேன், நான் சொல்லி அவரு காலைத் தூக்கி வைக்கறதுக்குள்ள நேரமாயிடுதுன்னு, எப்பவும் பிரேக்கு மேலேயே வச்சுக்கச் சொல்லிட்டேன்."