கிட்டங்கிச் சுவரில் என் முகம்

வெள்ளம் வடிந்த மறுவருடம், வீட்டை ஒட்டி, கருப்பட்டி மூட்டைகளை அடுக்கிவைக்கும் எங்கள் கிட்டங்கியின் சுவரைக் கேட்டு ஜெப்ஸி என்றொரு பெண் வந்தாள். சென்னையில் வளர்ந்து ஓவியம் படித்தவள். வெள்ளம் புகுந்த தெருக்களில் கடலையும் பறவையையும் வரைந்து மக்களின் மனதை ஆற்றுவது அவள் குழுவின் வேலையாம். தெருச் சாக்கடை அப்போதும் அடைத்தே கிடந்தது. அதைக் குத்திவிட்டால் பாதிப் பேருக்கு மனம் தானாக ஆறிவிடும் என்றேன். "சூப்பர் அங்கிள்" என்று சிரித்தாள்.

சுவரைத் தர ஒரு நிபந்தனை வைத்தேன். மூன்று தலைமுறை வியாபாரம் செய்த குடும்பத்தின் சுவரில் வெறும் ஆமை நீந்தக் கூடாது. எங்கள் ஆள் ஒருவரின் முகம் வேண்டும்.

"வெள்ளத்துல கிட்டங்கியத் திறந்து தெருவையே தங்க வச்சது நீங்கதானே? உங்க முகமே இருக்கட்டும்" என்றாள். நான் மறுக்கவில்லை. நடந்ததைச் சுவரில் போடுவதில் என்ன கூச்சம்?

வரைந்து முடித்தார்கள். ஆள் உயரத்துக்கு என் முகம், கறுப்பு வெள்ளையில். வண்ணம் பூசினால் ஆழம் போய்விடுமாம். கழுத்தைச் சுற்றிக் கடற்பூக்கள். கீழே வாய் திறந்த சிப்பி, அதற்குள் சுடர்போல் ஒரு முத்து. தலைக்கு மேல் உப்பளத்துப் பூநாரைகள் வானத்துக்குப் பறந்தன. அடியில், நான் கேட்டபடி, என் முழுப்பெயர். அவளுக்கு அது இயற்கை, எனக்குக் கௌரவம். ஊருக்கு அது என்னவாகத் தெரியும் என்று இருவருமே யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் மீன்காரி அருணாசலவடிவு வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள். "ஏ பால்துரை அண்ணாச்சி, நேத்துகூட சாளைக்கு வெல பேசுனியளே!"

"இன்னைக்கும் பேசுவேன்" என்று வெளியே வந்தேன். கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

எதிர்க்கடை பிச்சையா மரியாதைக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏற்றினார், கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டிருப்பேன். மதியம் சேதி கேட்டு ஓட்டப்பிடாரத்திலிருந்து என் தம்பி லிங்கராஜ் ஆட்டோவில் வந்து இறங்கினான்.

தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைச் சம்பந்தி பெயருக்குக் கீழே போட்டவன் அவன். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. "இனி நீங்க செத்தாத்தான் இந்த வாசல்ல காலு வைப்பேன்" என்று சொல்லிப் போனவன், பிறகு வரவே இல்லை. நானாகக் கூப்பிடுவது எங்கள் அப்பா மகனுக்கு அழகில்லை. அவனும் அதே அப்பாவின் மகன் என்பதுதான் சிக்கல்.

மாலையும் கோடித் துணியுமாக வந்தவன் சுவரில் முட்டி முட்டி அழுதான். "அண்ணாச்சி, என்னைய விட்டுட்டுப் போயிட்டியளே!"

"ஏலே" என்றேன்.

திரும்பினான். "நீங்க சாவலியா?" அதில் சந்தோஷம் எவ்வளவு, குறை எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

"இல்ல."

"பொறவு எதுக்குச் சுவத்துல போட்டிய?"

"கலை."

முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்ப எனக்கு இங்கன சோலியில்ல. சொன்னது சொன்னதுதான்."

என் மனைவி சீனித்தாய் கெஞ்சியும் நிற்கவில்லை. ஆட்டோவை நோக்கி நடந்தான். பாதியாக இளைத்திருந்தான். இப்போது போனால், அடுத்த முறை அவன் வரும்போது பார்க்க நான் இருக்க மாட்டேன். மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதற்கு மேல் வருகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"ஏளா, குளிக்கத் தண்ணி எடுத்து வையி" என்றேன் சத்தமாக. "சாவுக்கு வந்தவன் குளிக்காமப் போவக் கூடாது."

"யாரு சாவுக்கு?" என்றான் அவன்.

"ஊரே அழுதாச்சு. பிச்சையா கடைய அடைச்சாரு. நீயும் மாலை கொண்டாந்துட்ட. நான் ஒருத்தன் இல்லன்னு சொன்னா எடுபடுமா?"

யோசித்தான். "முழுசா அடைச்சாரா?"

"பாதி."

"பாதி போதும்" என்று ஆட்டோவை அனுப்பிவிட்டான்.

அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஜெப்ஸி கேமராவோடு வந்தாள். சுவரடியில் கிடந்த மாலையைப் பார்த்துக் கண் கலங்கினாள். "மக்கள் எப்படி ஏத்துக்கிட்டாங்க பாருங்க அங்கிள்!"

"யாரு இந்தப் பிள்ள?" என்றான் லிங்கராஜ்.

"என்னையக் கொன்னவ."

"மீசை சரியில்ல" என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஈர வேட்டியோடு வாசலைத் தாண்டினான். என்னைப் பார்க்கவில்லை. "மைனி, இலையப் போடுங்க."

பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொன்னேன்.

"செத்தவருக்கு எதுக்கு?" என்றான் தம்பி.

உட்கார்ந்து, அவனுக்கு முந்தி நான் சோற்றில் கை வைத்தேன். மூத்தவன் நான்.