கொதிக்க வைத்த டவுசர்

பதினாறு வயதில் பள்ளிபாளையத்தில் தறிக்கு நின்றவள் நான். துணியைப் பற்றி எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று முப்பது வருடமாக ஒரு திமிர். அந்தத் திமிர்தான் என் மகளைச் சாய்த்தது.

நித்யஸ்ரீ கபடி ஆடுகிறவள். போன வருடம் தொடையிடுக்கில் தசை பிடித்து நடக்கவே தவித்தாள். கோச் குணசீலன் சார்தான் ஒரு கறுப்பு டவுசர் வாங்கித் தந்தார். கம்ப்ரஷன் ஷார்ட்ஸாம். இடுப்பிலிருந்து முட்டிக்கு மேல் வரை தோலோடு தோலாகப் பிடிக்கும்.

"இந்த இறுக்கந்தான் உனக்குக் கட்டு. இது இல்லாம களத்துல எறங்கீராத" என்றார்.

அதைப் போட்டுத்தான் மறுபடி ஆடினாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு ஆடிக் காட்டுகிற தேர்வு வந்தது. வயது வரம்பில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம்.

மாமனாரும் கொழுந்தனும் நடமாடுகிற வீட்டில் அதைக் கொடியில் விரிக்க முடியுமா? என் பாவாடைக்கு அடியில் மறைத்துத்தான் போடுவேன். சரியாகக் காயாது, நாற்றம் அடிக்கும். ஈரத்தோடு போட்டுப் போட்டு அவளுக்கு இடுக்கெல்லாம் அரிப்பு, தடிப்பு. தேர்வுக்கு முதல் நாள் அவள் நெளிவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. அவள் வெளியே போயிருந்தபோது சலவை சோடா போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்தேன். பருத்தித் துணிக்கு நாங்கள் செய்கிறதுதான். யார் பார்த்தால் என்ன என்று மொட்டை மாடி வெயிலில் விரித்தேன். அதற்குள் ரப்பர் நூல் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

காலையில் போட்டுப் பார்த்தவள் இடுப்புப் பட்டியை விரலால் இழுத்து விட்டாள்.

"ஏஞ்சாமி, நாத்தம் போயிருச்சா?"

"போயிருச்சும்மா. இடுப்புல குத்த ஒரு ஊக்கு இருந்தாக் குடு."

கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை பாவி.

நாமக்கல்லில் தேர்வு. முதல் ரெய்டிலேயே போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினாள். அலறிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். தசை கிழிந்துவிட்டது, இனி இந்தக் காலோடு கபடி வேண்டாம் என்றார் டாக்டர். எனக்கு அழுகைகூட வரவில்லை.

நர்ஸ் கழற்றி வைத்திருந்த டவுசரைக் குணசீலன் சார் எடுத்து இழுத்துப் பார்த்தார். இழுத்த இழுப்பிலேயே நின்றது, திரும்பச் சுருங்கவில்லை.

"யாருங்க இதக் கொதிக்கிற தண்ணியில போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்தபடி அவள் முந்திக்கொண்டாள்.

"நாந்தானுங்க சார். நாத்தம் போவட்டுமின்னு போட்டுட்டனுங்க."

"படிச்ச புள்ளதான நீ? மூளைய எங்க வெச்சிருந்த?"

அவர் கத்தினார். டவுசர் தளர்ந்துபோனது காலையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அடுத்த வருடம் கிடையாதே என்று இறங்கியிருக்கிறாள். நான்தான் என்று சொல்ல ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

நான் சொல்லவில்லை. அவர் திட்டி முடிக்கிறவரை அவள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.