சதவீதம் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ்

புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்த அவரைத் தெருவில் எல்லோரும் 'சதவீதம்' என்றே அழைத்தார்கள். சாப்பாட்டில் உப்பு கூடிப்போனால்கூட எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த கவளத்தை எடுப்பார்.

ஒருநாள் காலை, முன்பே பதிவு செய்திருந்த அவருடைய பேச்சு வானொலியில் வந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் வீடுகள் செய்கிற செலவின் பங்கு போன வருஷத்தைவிடக் குறைந்துவிட்டது. ஆலைகள் செய்து குவிக்கின்றன, வீட்டுக்காரர்களோ பணத்தை முடிந்து வைத்துக்கொண்டு வாங்க மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் கையை விரித்தால்தான் கடைக்காரருக்கும் தொழிலாளிக்கும் பிழைப்பு நடக்கும் என்று உருகி உருகிப் பேசியிருந்தார்.

அவர் மனைவியும் மனைவியின் தங்கையும் சமையலறையில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். அதற்காக ஃபிரிட்ஜை அணைத்து வைக்க வேண்டியிருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கிய அது, ஓடினால் லாரி மேடேறுவது போல இரையும். கதவு நிற்காததால் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. புதிது வாங்கலாம் என்று பேச்செடுத்த போதெல்லாம், இன்னும் அறுபது சதவீதம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அவர் மனைவியின் வாயை அடைத்துவிடுவார்.

பேச்சு முடிந்ததும் மனைவி காபியை அவர் கையில் கொடுத்தாள்.

"ரொம்ப நல்லா சொன்னீங்க. நான் திருந்திட்டேன். சாயங்காலம் ஃபிரிட்ஜ் கடைக்குப் போவோம்."

தான் சொன்னது நாட்டுக்குப் பொதுவாக என்று அவர் இழுத்தார்.

"நம்ம வீடு எந்த நாட்டுல இருக்கு அத்தான்?" என்றாள் கொழுந்தி.

சாயங்காலம் மூவரும் கிளம்பினார்கள். கடைவீதி வந்ததும் அவர் கால்கள் தாமாகவே பின்சந்துக்குள் திரும்பின. அங்கே பழைய சாமான் கடை ஒன்று இருந்தது. வெள்ளை அடித்த ஒரு ஃபிரிட்ஜை அவர் ஆசையோடு தடவிப் பார்க்க, மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று அவர் பேசிப் பழகியதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"பழசு வாங்கினா இந்த வருஷ உற்பத்தியில சேராதாமே? யாரோ சொன்னாங்க."

"கடைக்காரர் லாபம் மட்டும் சேரும்," என்று முனகியபடி அவர் வெளியே வந்தார்.

பெரிய கடையில் விற்பனைப் பெண் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினாள். நடுத்தரமான ஒன்று அக்காவுக்கும் தங்கைக்கும் பிடித்துப்போயிற்று. பணம் கட்டும் இடத்தில் அவர் பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

அதைப் பார்த்ததும் மனைவியின் கேலி நின்றுவிட்டது. அவர் சிறுவனாக இருந்தபோது அப்பா வேலை செய்த ஆலை மூடப்பட்டு, வீட்டில் இருந்த கட்டிலும் விசிறியும் தையல் மிஷினும் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிப் போனதை, கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"வேணாம்னா விட்டுடுவோம்ங்க," என்றாள் தணிந்த குரலில். "கயிறு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்."

அவள் வற்புறுத்தியிருந்தால் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பார். அவள் விட்டுக்கொடுத்ததும் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

புது ஃபிரிட்ஜ் மறுநாளே வந்தது. அது சத்தமே போடாததால், ஓடுகிறதா என்று அடிக்கடி கையை வைத்துப் பார்த்தார். பழைய இரும்புக்காரர் பழையதை வண்டியில் ஏற்றியபோது மட்டும் கொஞ்சம் முகம் வாடியது.

அடுத்த வானொலிப் பேச்சை எழுதி மனைவிக்குப் படித்துக் காட்டினார். சனங்கள் கஞ்சத்தனத்தால் பணத்தை முடிந்து வைக்கவில்லை, பயத்தால்தான் முடிந்து வைக்கிறார்கள். வேலை போனாலும் நோய் வந்தாலும் தாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு இருந்தால் தாமாகவே செலவழிப்பார்கள் என்று இந்தத் தடவை எழுதியிருந்தார்.

"இத எங்க கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு குடும்பத்த விசாரிச்சேன்."

"ஒரே ஒரு குடும்பமா? அது நாட்டுல எத்தனை சதவீதம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு காகிதத்தை மடித்து வைத்தார். அப்படி அவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.