பரிசோதகரின் மஞ்சள் குறி

ஒஹாயோவின் அந்த மாவட்டத்துப் பழங்கார்ச் சங்கத்துக்கு வென்டெல் க்ராஸ் தலைமை நடுவர். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்க வேண்டிய கார்களுக்கு அசல் பிரிவு என்று பெயர். அதில் அவர் சொன்னதே தீர்ப்பு. தண்ணீர்க் குழாயை இறுக்கும் வளையத்தின் திருகு கீழ்நோக்கி இராமல் மேல்நோக்கி இருந்த குற்றத்துக்காகப் பல் மருத்துவர் ப்ரூயிட்டின் காருக்கு அரை மதிப்பெண் குறைத்தவர் அவர்.

தொழிற்சாலையில் எவனோ ஒருவன் திங்கட்கிழமைத் தூக்கக் கலக்கத்தில் பெயிண்டை வழியவிட்டிருந்தால், அதே இடத்தில், அதே நீளத்துக்கு, இன்றும் அது வழிந்தாக வேண்டும் என்பது வென்டெலின் கொள்கை. அக்காலத்துப் பரிசோதகர்கள் பார்த்து முடித்த பாகத்தின்மீது மஞ்சள் மெழுகுக்கோலால் ஒரு சாய்ந்த கோடும் ஒரு சுழியும் இடுவார்கள். அழிந்துபோன குறிகளைப் பிழையின்றி மறுபடி இடத் தெரிந்தவர் வென்டெல் ஒருவரே. எனவே எல்லாரும் அவரிடமே வந்தார்கள். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்த அத்தனை கார்களையும் ஒரே கை பரிசோதித்திருப்பது குறித்துச் சங்கத்தில் எவரும் வியந்ததில்லை.

காரை வெட்டி மாற்றுகிறவர்களைக் கசாப்புக்காரர்கள் என்பார். கூட்டத்தில் அவர்கள் இருக்கும்போது சற்று உரக்கச் சொல்வார்.

இத்தனை கண்டிப்புக்கும் முன்மாதிரியாக விளங்கிய நீலக் கார் அவருடையதன்று, மனைவி ஆர்லீனுடையது. திருமணத்துக்கு முன்பு, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தபோது, ஆர்லீன் தம் சம்பளத்தில் அறுபத்தைந்தாம் ஆண்டு புதிதாக வாங்கியது. வென்டெல் அதைப் புதுப்பித்தபின் அது தன் சக்கரங்களில் தெருவைக் கண்டதில்லை. ட்ரெய்லரில் ஏறிக் கண்காட்சிக்குப் போகும், ட்ரெய்லரில் ஏறித் திரும்பும்.

அந்த வசந்தத்தில், தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு தேறியிருந்த ஆர்லீன், ஒருநாள் சாவியை எடுத்துக் காரை வெளியே ஓட்டினார். கனத்த பழைய ஸ்டீயரிங் அந்தத் தோளுக்குத் திரும்ப மறுத்தது. கார் நேரே போய்த் தபால் பெட்டிக் கம்பத்தைச் சாய்த்தது.

"செப்டம்பர்ல தங்கச்சி வீட்டுக்கு இந்தக் கார்லதான் போறேன்," என்றார் ஆர்லீன். "நானே ஓட்டிக்கிட்டு."

"இது ஓட்டுற காரா, ஆர்லீன்? தபால் பெட்டி கதியப் பாத்தல்ல?"

"அப்ப ஓட்டுற காரா ஆக்கு. முடியாதுன்னா பல் டாக்டருக்குக் குடுத்துர்றேன். மனுஷன் எத்தன தடவ கேட்டுட்டாரு!"

"அவனுக்கா? வளையம் எந்தப் பக்கம் பாக்கணும்னே தெரியாது அவனுக்கு!"

"பல்லு எந்தப் பக்கம் பாக்கணும்னு தெரியுமில்ல? அது போதும் எனக்கு."

ஆர்லீன் சொன்னால் செய்பவர் என்பது வென்டெலுக்குத் தெரியும். மறுநாள் ராஸ்கோ டிப்ஸின் பட்டறை வாசலில் போய் நின்றார். கசாப்புக்காரர்களில் முதல்வன் ராஸ்கோ.

"அடடே, நீதிபதி ஐயா! வாங்க, வாங்க. இன்னிக்கு யாரோட திருகு கோணலாப் போச்சு?"

வென்டெல் விஷயத்தைச் சொன்னார். ராஸ்கோ பானெட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். என்ஜினுக்கு இருபுறமும், ஸ்பிரிங்குகளைத் தாங்கியபடி, இரண்டு இரும்புக் கோபுரங்கள் எழும்பி நின்றன.

"இந்த ரெண்டு கோபுரத்தையும் அறுத்துரணும். அடியில புதுசா ஒரு குறுக்குச் சட்டத்த வெல்டிங் வச்சு, புது ஸ்பிரிங், புது ஸ்டீயரிங் பூட்டிட்டா, அம்மா ஒத்த வெரல்ல திருப்பலாம். என்ஜினச் சுத்தி இடமும் தாராளமாயிரும். நாற்காலி போட்டு உக்காந்துக்கலாம்."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கே. அம்மாவுக்குப் புதுத் தோள் போடணும். அது நம்ம பட்டறையில கெடையாது."

"வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, ராஸ்கோ."

"கசாப்புக்காரன் வாயத் தொறப்பானா ஐயா? கத்தியத்தான் தொறப்பான்."

அறுக்கும்போது வென்டெல் பட்டறைக்கு வெளியே நின்று, ஓடாத ஒரு லாரியை நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கார் வீடு திரும்பியதும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கோபுரங்கள் நின்ற இடம் பளபளவென்று வெறுமையாகக் கிடப்பது கண்ணை உறுத்தியது. தொழிற்சாலையின் மங்கிய கறுப்பையே பூசினார். பெயிண்ட் வழிய வேண்டிய இடத்தில் வழியவிட்டார். வளையத் திருகுகளைக் கீழ்நோக்கித் திருப்பினார். ஒரு காரை முடித்ததும் வழக்கமாக என்னென்ன செய்வாரோ அத்தனையையும், யோசிக்காமலேயே, வரிசை தவறாமல் செய்து முடித்தார்.

கண்காட்சியன்று அந்த நீலக் கார் நுழைவாயிலில், பானெட்டைத் திறந்தபடி, மற்றவர்களுக்கு முன்மாதிரியாக நிற்பது மரபு. இம்முறை அது ட்ரெய்லரில் வரவில்லை. ஆர்லீன் ஓட்டி வந்தார். பானெட் மூடியிருந்தது.

"கொக்கி சிக்கிக்கிச்சு," என்று வென்டெல் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் ஆகையால் கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

ஆப்பிள் பை என்னும் பலகாரம் வாங்கப் போயிருந்த ஆர்லீன் தட்டோடு திரும்பி வந்தார். "சிக்கிக்கிச்சா? காலைலகூடத் தொறந்து தண்ணி ஊத்துனேனே!" என்றபடி, ஒரே கையால், பானெட்டைத் தூக்கி நிறுத்தினார்.

கூட்டம் நெருங்கி வந்தது. அவ்வருடம் துணை நடுவராகியிருந்த ப்ரூயிட் கைவிளக்கோடு குனிந்தார்.

"கோபுரம் எங்க, வென்டெல்?"

"எடுத்தாச்சு."

"எடுத்தது தப்பில்ல. அதுக்குத்தான் வேற பிரிவு இருக்கே. ஆனா இது என்ன?"

விளக்கின் வெளிச்சம் புதிய குறுக்குச் சட்டத்தின்மீது நின்றது. அங்கே, மஞ்சள் நிறத்தில், ஒரு சாய்ந்த கோடு. அதன் வாலில் ஒரு சுழி.

"இந்தச் சட்டம் இந்தக் கோடையில பொறந்தது. அறுவத்தஞ்சுல பரிசோதகர் இத எப்படிப் பாத்தாரு?"

"தீர்க்கதரிசியா இருந்திருப்பாரு!" என்றது கூட்டத்தின் பின்னாலிருந்து ராஸ்கோவின் குரல்.

தொழிற்சாலை காணாத பாகத்தில் தொழிற்சாலைக் குறி இட்டவர் நடுவராக இருத்தல் ஆகாது என்பது சங்கத்தின் விதி. அதை எழுதி, வாதாடி, நிறைவேற்றியவர் வென்டெல். அவர் வாதாடவில்லை. சட்டையிலிருந்த நடுவர் வில்லையைக் கழற்றி மருத்துவரிடம் தந்தார். ப்ரூயிட் அதைச் சற்றுச் சாய்வாகக் குத்திக்கொள்ளவே, கை நீட்டி நேராக்கிவிட்டார்.

மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "என் கார்ல இருக்கிற குறியும் நீங்க போட்டதுதானே? இப்ப அத என்ன பண்றது?"

"அதுவா?" வென்டெல் உண்மையாகவே திகைத்தார். "அது அசல்!"

கார் மாற்றியமைத்தவற்றின் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அங்கே நடுவர் ராஸ்கோ. தன் வேலையைத் தானே சுற்றிச் சுற்றிப் பார்த்து மெச்சிவிட்டு, மாற்றிய காரில் அசல் குறி இருந்த குற்றத்துக்காக அரை மதிப்பெண் குறைத்தான். நீலக் கார் இரண்டாவதாக வந்தது. வென்டெல் அந்தத் தீர்ப்பில் குறை காண முயன்றார், முடியவில்லை.

செப்டம்பரில் தங்கை வீட்டுக்குப் போகும் மலைப்பாதையில் ஆர்லீன் ஒரு விரலால் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு போனார். பக்கத்தில் வென்டெல் மடியில் ஆப்பிள் பை இருந்த பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"அந்த மஞ்சள் குறியத் தொடச்சிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

அடுத்த வளைவு வந்தது. கார் அதைச் சத்தமின்றித் திரும்பிக் கடந்தது.

"பரிசோதிச்சாச்சுன்னுதானே போட்டிருக்கு," என்றார் வென்டெல். "நல்லாத்தானே இருக்கு."