கறி ஆகாது

யோகராஜின் விரல்கள் காப்பிப் பழத்தைப் பிடிக்க மாட்டேன் என்றன. இரண்டு விரலால் பிடித்து லேசாகத் திருகினால் பழம் தானாகக் கையோடு வந்துவிடும். முப்பது வருஷமாகச் செய்த சோலி. இப்போது அவன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கிளையை உருவிக்கொண்டிருந்தான். இலையும் பச்சைக் காயும் பழமுமாகச் சாக்கில் விழுந்தன. பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த அவன் மனைவி தமயந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். தன் இடுப்புச் சாக்கிலிருந்து நாலைந்து கை பழத்தை அள்ளி அவன் சாக்கில் போட்டாள்.

"பச்சக் காய அடியில தள்ளுங்க. மேல தெரிஞ்சா வெனை."

"போதும் புள்ள. ஒன்னோட எடை கொறஞ்சிரும்."

"கொறஞ்சா வாயடிச்சுச் சமாளிச்சுக்குவேன். உங்களுக்கு அதுவும் ஏலாதே."

அவன் சிரித்தான். பல்லிடுக்கெல்லாம் ரத்தம் கசிந்திருந்தது. தமயந்தி பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தாண்டிக்குடிக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் கூலியாட்களுக்கு விட்ட லயத்து வீடு ஒன்றுக்கு இரண்டு ஆள் வேலைக்கு நிற்க வேண்டும். ஓர் ஆள் படுத்துவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி ராஜமுருகன் போன வாரம் வாசல் வரைக்கும் வந்து சொல்லிவிட்டான். பொல்லாதவன் இல்லை. அதைச் சொல்லும்போது அவனும் தரையைத்தான் பார்த்தான்.

"தையோட பறிப்பு முடியுதுண்ணே. அதுக்குள்ள கை சரியாகணும். பண்ணைக்காட்டுல ஒரு குடும்பம் வீடு கேட்டு நிக்குது. தோட்டத்துப் பெரியவரு என்னையத்தான் நெருக்குறாரு. நான் என்ன செய்ய, சொல்லுங்க."

கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி வந்து, மூன்று ஊர் மாறி, கடைசியில் இந்த மலையில் வந்து அடுப்புக் கூட்டிய குடும்பம். இன்னொரு தடவை எங்கே போய் அடுப்புக் கல் வைப்பது என்று தமயந்திக்குத் தெரியவில்லை.

எல்லாம் ஐப்பசி மழையில்தான் தொடங்கியது. அப்போது யோகராஜுக்கு விரல் முட்டிகள் லேசாக வீங்கியிருந்தன, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். வரிசை ரோடு வரைக்கும் நின்றது. பழனிக்காரி நர்ஸ் தேவசேனா அவன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டாள்.

"யூரிக் ஆசிட் கூடியிருக்கும்போல. எதுக்கும் இனிமே கறி சேக்காதீங்க. இந்த வீக்கத்துக்குக் கறி ஆகாதுக்கா, சுத்தமா நிறுத்திருங்க" என்று தமயந்தியிடம் சொன்னாள். அதற்குள் பின்னால் நின்ற ஆள் முன்னால் வந்துவிட்டார்.

அன்றைக்கே தமயந்தி கறிச்சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். கீரைக் கறி இல்லை, பீன்ஸ் கறி இல்லை, சௌசௌக் கறி இல்லை, பருப்புக் கறிகூட இல்லை. காலையில் கோதுமை ரொட்டியும் தொட்டுக்கொள்ளச் சீனியும் பால் விடாத வெறுந்தேத்தண்ணியும். மத்தியானமும் ராத்திரியும் ரேஷன் அரிசிச் சோற்றில் உப்பும் வடித்த தண்ணியும். நர்ஸம்மா சொன்னதை இம்மியும் பிசகாமல் செய்தாள். ஆனாலும் வீக்கம் வற்றுவதாக இல்லை. கார்த்திகை பிறந்ததும் முழங்காலும் வீங்கியது. கெண்டைக்காலில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி விழுந்தது. பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வந்தது.

ஒரு ராத்திரி தட்டைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான். "ஒரே ஒரு கரண்டி கீரை வையேன் புள்ள. நாக்கு செத்துப் போச்சு."

"நாக்கு கேக்குதுன்னு வச்சிட்டு, நாளைக்கு நான் யார் கால்ல போய் விழ? பேசாம தின்னுட்டுப் படுங்க."

அவன் பேசாமல் தின்றுவிட்டுப் படுத்தான். தமயந்தி தனக்கு மட்டும் கொஞ்சம் கறி சமைத்து, அவன் கண்ணில் படாமல் தூக்குச்சட்டிக்குள் வைத்துக்கொண்டுபோய், மரத்து மறைவில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து தின்பாள். அவனுக்கு ஆசை காட்டக்கூடாதே என்று.

மார்கழிக் கடைசியில் மறுபடியும் முகாம் வந்தது. இந்தத் தடவை ஒரு டாக்டரம்மாவும் வந்திருந்தாள். சிக்னல் கிடைக்காத செல்போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, யோகராஜின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். வேட்டியைத் தூக்கச் சொல்லிக் காலைப் பார்த்தாள். பழைய ரத்தச் சோதனைச் சீட்டையும் புரட்டினாள்.

"யூரிக் ஆசிட்லாம் சரியாத்தானே இருக்கு. வீட்ல என்ன சாப்பிடுறீங்க?"

"சோறு, ரொட்டி, தேத்தண்ணி" என்றான் யோகராஜ்.

"தொட்டுக்க?"

தமயந்தி முந்திக்கொண்டாள். தான் பத்தியம் தவறவில்லை என்று காட்டியாக வேண்டுமே. "கறி கண்ணுலயே காட்டுறதில்லீங்கம்மா. நர்ஸம்மா ஆகாதுன்னு சொன்ன நாள்ல இருந்து ஒரு சொட்டு கிடையாது."

"அது சரிம்மா. கறிய விடுங்க. காய் என்ன செய்றீங்க?"

"அதைத்தாங்கம்மா சொல்றேன். கீரைக் கறி, பீன்ஸ் கறி, பருப்புக் கறி, ஒண்ணுமே குடுக்கல."

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தாள். பக்கத்து மேசையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த தேவசேனா திரும்பினாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, நான் ஆட்டுக்கறி மாட்டுக்கறியத்தானே சொன்னேன்."

"எறச்சியவா?" தமயந்திக்கு நம்ப முடியவில்லை. "தீபாவளிக்குத் தீபாவளி எறச்சி வாங்குற எங்ககிட்ட வந்து எறச்சிய நிறுத்துன்னு சொல்லுவீங்களாம்மா? கறின்னீங்க. கறின்னா எங்களுக்குச் சோத்துக்குப் போட்டுத் திங்கிற எல்லாமுந்தான்."

தேவசேனா எழுந்து வந்து தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு என் மேலதாங்க்கா. நின்னு வெளக்கமாச் சொல்லியிருக்கணும்" என்றாள்.

தமயந்தி அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது. "இவருக்கு முடக்குவாதம் இல்லீங்களே?"

"இல்லம்மா. பழம், காய், கீரையில ஆன்டி ஆக்சிடன்ட்னு ஒரு சத்து இருக்கு. அது உடம்புக்குள்ள போகவே இல்ல" என்றாள் டாக்டரம்மா.

யோகராஜ் பதறிப்போனான். "ஆக்சிடென்ட் ஒண்ணும் நடக்கலீங்கம்மா. ஏணியில இருந்துகூட விழுந்ததில்ல."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது இல்லண்ணே. உழைக்கிற உடம்புக்குள்ள எந்நேரமும் கங்கு மாதிரி ஒரு சூடு கெடக்கும். தினமும் திங்கிற காயும் கீரையுந்தான் அதை அமத்தி வைக்கும். அது இல்லைன்னா உள்ளுக்குள்ளயே புகைஞ்சு வீக்கம் கூடிரும். வைட்டமின் சி சுத்தமா இல்லாமப் போயித்தான் ஈறு இப்படி ஆயிருக்கு. மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரைய நம்பி இருக்காதீங்க. காயும் கீரையும் தினம் சேருங்க, பழமும் சேத்துக்குங்க. தை பாதியில நீங்களே வித்தியாசம் பாப்பீங்க."

"மம்பட்டி புடிக்கலாங்களா?" என்றான் யோகராஜ்.

"தாராளமா."

தமயந்தி வெளியே வந்து பள்ளிக்கூடப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். வீடு போகாது என்கிற நிம்மதி ஒரு பக்கம். ஒரு கரண்டி கீரை கேட்ட மனுஷனை அதட்டிப் படுக்க வைத்தது ஒரு பக்கம். என்னத்துக்கு அழுகிறோம் என்று அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. யோகராஜ் பக்கத்தில் வந்து நின்றான்.

"அடுத்தவனா இருந்தா பொண்டாட்டி சோத்துல மருந்து வச்சிட்டான்னு சொல்லுவான். நீ கறி வைக்காமலே ஆளைச் சாய்க்கப் பாத்தியே" என்றான்.

"வாய மூடுங்க." அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள்.

போகிற வழியில் ஓடைக்கரையில் இறங்கி மடி நிறைய வல்லாரை பறித்தாள். வீட்டில் பொடிப்பொடியாக அரிந்து, வெங்காயம் போட்டு, தேங்காய் திருவி, எலுமிச்சை பிழிந்து சம்பலாகப் பிசைந்தாள். பீன்ஸ் கறியும் வைத்தாள். அவன் மூன்று தடவை சோறு வாங்கித் தின்றான். ஈறு எரிந்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. தமயந்தி தான் தின்ன மறந்து அவன் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்து பொங்கலும் போனது. கால் புள்ளிகள் மங்கின. முட்டி வீக்கம் வடிந்து, பழைய தோல் சுருக்கம் திரும்பத் தெரிந்தது. ஒரு நாள் காலையில் ராஜமுருகன் லயத்துக்கே வந்தான்.

"கையக் காட்டுங்கண்ணே."

யோகராஜ் விரலை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிக் காட்டினான். கதவுக்குப் பின்னால் நின்ற தமயந்தி அந்த விரல்களையே பார்த்தாள்.

"அப்புறமென்ன. வீடு உங்களுக்குத்தான். பண்ணைக்காட்டு ஆளுகளுக்கு நான் சொல்லிக்கிறேன்." அவனுக்கும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. "நாளைல இருந்து ஆரஞ்சுக் கொட்டாய்க்குப் போங்க. மெட்ராஸ் லோடு கெடக்கு. பழம் நசுங்காம எடுத்து அடுக்குற கை வேணும்."

நாள் முழுக்க யோகராஜ் வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் ஆரஞ்சு அடுக்கினான். பெரிசு ஒரு பெட்டி, சின்னது ஒரு பெட்டி. தோல் கீறியது தனியாக ஒரு கூடை. அந்தக் கூடையும் கணக்குப் பார்க்கப்பட்டு ஜூஸ் கடைக்காரனின் ஜீப்பில் ஏறியது. ஒரு பழம்கூட அவன் கையில் நசுங்கவில்லை என்று கொட்டாயில் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வேலை விட்டதும் எல்லோரும் கேட்டருகே வரிசையாக நின்றார்கள். காவல்காரன் சாக்குகளை உதறிப் பார்த்தான், மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னான். பழக்கொட்டாயில் நின்றவர்களுக்கு அதற்கு மேலும் ஒரு சோதனை இருந்தது. யோகராஜுக்குப் பின்னால் வரிசையில் நின்ற தமயந்தி எட்டிப் பார்த்தாள்.

"வாயத் தெறங்கண்ணே" என்றான் காவல்காரன்.

யோகராஜ் வாயை அகலத் திறந்தான். மலைக்கு மேலே மிச்சமிருந்த வெயில் நேராக வாய்க்குள் விழுந்தது. ஈறு ரோஸ் நிறத்தில் இறுகியிருந்தது. ஒரு பொட்டு ரத்தம் இல்லை. தமயந்தி சந்தோஷத்தில் தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள்.

காவல்காரன் குனிந்து, அவன் வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்து நன்றாக மோந்து பார்த்தான்.

"ம், பழம் திங்கல. போகலாம்."