ஹால்வர் தேர்ந்தெடுத்த ரிவால்வர்

பெட்டியைத் தூக்கிய பிறகுதான் லைல் அதைக் கவனித்தான். அப்பாவின் மூக்கிலிருந்து இரு காதையும் சுற்றி இறங்கி, போர்வையின்மேல் ஓடி, கட்டிலோரம் உறுமிக்கொண்டிருந்த ஆக்சிஜன் இயந்திரத்துக்குப் போகும் மெல்லிய டியூப், பெட்டி இருந்த இடத்தில் மடிந்து தட்டையாகிக் கிடந்தது. கனமான பெட்டி. உள்ளே ஒரு மேக்னம் ரிவால்வர் இருந்தது. இன்னொன்றை அவனுடைய தங்கை புருஷன் கர்ட் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வேலிக்கம்பம் ஒன்றைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான்.

லைல் கட்டைவிரலால் டியூபை நீவிவிட்டான். அது உடனே பழையபடி உப்பிக்கொண்டது. அப்பாவின் மார்பைப் பார்த்தான். அது எழவில்லை.

ஐம்பத்து மூன்று வயதுக்குள் லைல் எத்தனையோ கெடுத்திருக்கிறான். இரண்டு படகு, அப்பாவின் டிராக்டர், ஒரு கல்யாணம். ஊரில் எது உடைந்தாலும் ‘லைல் இந்தப் பக்கம் வந்தானா’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டதால், அவனே முதலில் கேட்டு, முதலில் சிரித்தும் விடுவான். இப்போதும் பழக்கதோஷத்தில் அந்த வாக்கியம் வாய்வரை வந்தது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினான்.

“சரி மாமா, நாலு அங்குலம்னா நாலு அங்குலம். ஒத்துக்கறேன்,” என்றான் கர்ட், ஜன்னலைப் பார்த்தபடியே. “ஆனா சனிக்கிழமை போட்டியில இவன் தோத்துட்டு வந்து அழுதா நான் பொறுப்பில்ல.”

கட்டிலின் அந்தப் பக்கம் அம்மா லவோன், அப்பாவின் இடது கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. லைலின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“ரமோனாவுக்கு ஃபோன் பண்ணு,” என்றாள். அப்பாவை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் ரமோனா.

அவன் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அதை அவன் அப்போது யோசிக்கவில்லை.

சண்டை பல மாதமாக நடந்துகொண்டிருந்தது. லைலுக்கு ஒரே ஒரு ரிவால்வர் வேண்டும். சனிக்கிழமைகளில் சரளைக்குழிக்குப் பின்னால் இருக்கும் சுடுதளத்தில் அட்டையில் சுட அதுவே ஆக வேண்டும். ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகும்போது இடுப்பில் தொங்கவும் அதுவே ஆக வேண்டும், இலையுதிர்காலத்தில் கரடிகளும் அங்கேதான் மீன் பிடிக்கின்றன என்பதால். அட்டைக்கு நீளக் குழல் நல்லது. குறி தப்பாது, சுடும்போது வரும் உதைப்பைக் கனம் வாங்கிக்கொள்ளும். இடுப்புக்கோ குட்டைக் குழல்தான் நல்லது. நீளத்தைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினால் அது இருக்கையில் இடித்து விலாவில் ஏறும். கர்ட்டிடம் இருந்தது ஆறு அங்குலக் குழல். அதைப்போல ஒன்று வாங்கு என்பது அவன் கட்சி. சுடுதளத்து நண்பன் ராய்ஸ் விற்பதாகச் சொன்னது நாலு அங்குலம். லைலின் மனம் அதில் இருந்தது.

“கரடி வந்தா நீ எப்படிச் சுடுவே? நாலு அங்குலத்துல குறி நிக்காது மச்சான்.”

“கரடி வந்தா யாரு சுடப்போறா? நான் ஓடுவேன் மாப்ள. ஓடறதுக்கு நாலு அங்குலம்தான் தோது.”

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அப்பா ஹால்வர். அந்தச் சுடுதளத்தில் அவரளவுக்கு வருஷம் போட்டவர் யாரும் இல்லை. ஆனால் அவரிடம் நேர்ப்பதில் வாங்கியவரும் இல்லை. கேட்டால், “பார்க்கலாம்” என்பார். பத்து நாள் கழித்துக் கேட்டால், “இன்னும் பார்க்கலையா?” என்பார். நுரையீரல் முழுக்கக் கெட்டுப்போய்ப் படுத்த பிறகும் அதே ‘பார்க்கலாம்’தான். ஆகவே அன்று ராய்ஸிடம் நாலு அங்குலத்தை இரவல் வாங்கி, இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, பார்க்கட்டும் என்று இருவரும் வந்தார்கள்.

வந்தபோது அவர் கண் பாதி திறந்திருந்தது. மூச்சு விட்டுவிட்டுத்தான் வரும், இடைவெளி நீளும், பயப்படாதீங்க என்று ரமோனா முன்பே சொல்லியிருந்தாள். இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. லைல் பெட்டியைக் கட்டில்மேல் வைத்தான். நாலு அங்குலத்தின் தோட்டா உருளையைத் திறந்து, ஆறு துளையும் காலி என்று அப்பாவின் கண்ணுக்கு நேராகக் காட்டினான். அந்த வீட்டில் அது சாப்பாட்டுக்கு முன் ஜெபம் மாதிரி. காட்டாமல் நீட்டினால் பெற்ற பிள்ளை என்றும் பார்க்காமல் கையில் ஒன்று விழும்.

“பார்த்துட்டார்,” என்றான் லைல். பிடியை அவருடைய வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். மடங்கின. “பிடிக்கிறார் பாரு. எவ்வளவு கச்சிதமா பிடிக்கிறார்.”

“என்னோடதைக் கொடு,” என்றான் கர்ட்.

ஆறு அங்குலம் அந்தக் கையில் நிற்கவில்லை. வழுக்கிப் போர்வையில் விழுந்தது.

“வேண்டாம்னு தள்ளிட்டார்,” என்றான் லைல். “முடிஞ்சுது கேஸு.” இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு கர்ட் தன் கட்சிக்கு வாதாடினான், லைல் கரடி மாதிரி ஆடிக் காட்டி மறுத்தான், அப்பாவையும் இடையிடையே சாட்சிக்கு இழுத்தார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவள் இந்தச் சண்டையில் எப்போதும் பேசியதில்லை.

ஃபோன் பண்ணியதும் ரமோனா வந்து இயந்திரத்தை நிறுத்தினாள். அந்த உறுமல் நின்றதும் வீடு முழுக்கச் சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. அவள் எழுதுவதை எழுதி முடித்து வாசலுக்கு வந்தபோது லைல் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான்.

“ரமோனா, ஒரு சந்தேகம். சும்மாதான். ஆக்சிஜன் கொஞ்ச நேரம் வரலைன்னு வச்சுக்கோ…”

“அதையெல்லாம் இப்ப நினைக்காதீங்க, லைல்.”

“நினைக்கல. தெரிஞ்சுக்கலாம்னு.”

“குடும்பம் சுத்தி இருக்க, அமைதியா போனார். எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?” அவனுடைய தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினாள். வேலை தெரிந்தவள். தோள் தட்டுவதும் அந்த வேலையில் சேர்த்திதான்.

அவள் போன பிறகும் அவன் பனியில் நின்றான். டியூப் எவ்வளவு நேரம் மடிந்திருந்தது? தான் கரடியைப்போல நடித்துக் காட்டினானே, அப்போதா? அப்பா மூச்சுக்குத் தவித்துக் கையை உதறியதைத்தான், வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்று சொல்லிச் சிரித்தோமா?

அடக்கத்துக்கு ஊர் முழுக்க வந்தது. அதற்குள் கதையும் ஊர் முழுக்கப் போயிருந்தது. கர்ட்தான் பரப்பியது. நல்ல மனதோடுதான். பிரசங்கத்தில் பாதிரியார்கூட அதைத் தொட்டார்: கடைசி மூச்சு வரை பிள்ளை கேட்டதற்குப் பதில் சொன்ன தகப்பன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லைல் தன் ஷூவின் கயிற்றைப் பார்த்தான். ஹால்வர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நேர்ப்பதில் சொன்னார் என்று ஊரே நம்புகிறது, அதுவும் தன்னை நம்பி.

சர்ச்சின் நிலவறைக் கூடத்தில் சாப்பாடு. பன்றித்தொடைக் கறி வைத்த ரொட்டி, சீஸ் உருக்கிய உருளைக்கிழங்கு, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி, தண்ணீர் மாதிரிக் காப்பி. லைல் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போனான். மூலையில் ராய்ஸ் இருந்தான். ராய்ஸின் உடம்புக்கு எந்த மூலையும் போதாது.

“நிஜமாவா லைல்? என்னோடதையா பிடிச்சார்?”

“ம்.”

“எப்படிப் பிடிச்சார்?”

லைல் விழித்தான். பக்கத்து மேசையிலிருந்து கர்ட் எட்டிப் பார்த்துக் கையை மடக்கிக் காட்டினான். “இப்படி. ஒரு அழுத்து அழுத்தினார் ராய்ஸ். என் கண்ணால பார்த்தேன். என்னோடதைத் தூக்கிப் போட்டுட்டார் மனுஷன்.”

ராய்ஸின் கண் கலங்கியது. “இத்தனை வருஷமா அந்தத் துப்பாக்கியைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை வாங்கப் பார்த்தேன்யா அவர்கிட்ட. ‘பரவாயில்ல’ன்னுகூடச் சொன்னதில்ல.” மூக்கை உறிஞ்சினான். “உன்னைப் பத்தி மட்டும் சொல்லுவார். ‘என் பையன் சுடும்போது கண்ணை மூடிக்கிறான், அவனுக்கு எதைக் கொடுத்தா என்ன’ம்பார்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். லைலும் சிரித்தான். அது உண்மைதான் என்பதால் சிரிப்பது சுலபமாக இருந்தது.

ராய்ஸ் எழுந்து வெளியே போய், அவனிடம் திரும்பிப் போயிருந்த நாலு அங்குலத்தை வண்டியிலிருந்து ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். உருளையைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு, லைலின் கோட்டுப் பையில் போட்டான். “விக்கிறதா இல்ல. அவர் உனக்குன்னு எடுத்தது. உன்னோடது.”

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். “நன்றி,” என்றான் லைல்.

கோட்டு மாட்டும் கம்பிகளுக்குப் பின்னால் கர்ட்டை இழுத்துக்கொண்டு போனான். “அந்த டியூபை நீ பார்த்தியா?”

“எந்த டியூபு?”

“அப்பாவோட டியூபு. பெட்டிக்கு அடியில.”

கர்ட் அவனைப் பார்த்தான். எதையோ பார்த்திருந்தான் என்றோ, ஒன்றுமே பார்க்கவில்லை என்றோ சொல்ல முடியாத முகம். “மச்சான், என் வாழ்க்கையில நான் உன் கட்சி பேசினது இந்த ஒரே தடவைதான். அதைக் கெடுத்துடாதே. போய் ஜெல்லி சாப்பிடு.”

லைல் சமையலறைக்குப் போனான். சொந்தப் புருஷனின் அடக்கத்தன்று தட்டு கழுவ வேண்டாம் என்று சர்ச்சுப் பெண்கள் லவோனை இரண்டு தடவை வெளியே அனுப்பியிருந்தார்கள். அவர்கள் மேசைகளைத் துடைக்கப் போன நேரத்தில் அவள் மறுபடி உள்ளே வந்துவிட்டாள். கறுப்பு உடுப்பின்மேல் யாருடையதோ பூப்போட்ட ஏப்ரன்.

“கோட்டு ஒரு பக்கமா தொங்குது,” என்றாள், திரும்பாமல்.

“ராய்ஸ் கொடுத்தான். அப்பா எடுத்ததுன்னு சும்மாவே கொடுத்துட்டான்.”

“அப்படியா.”

அவள் தட்டை அலசி நீட்டினாள். அவன் துடைத்தான். இன்னொன்று. பாதிரியாரின் பிரசங்கத்தைப் பற்றி ஒரு ஜோக் சொல்லத் தொடங்கினான். நடுவில் அது எங்கே போகிறது என்று அவனுக்கே மறந்துபோனது.

“அம்மா. அந்தப் பெட்டி.”

அவள் குழாயை மூடினாள்.

“கட்டில்மேல நான்தான் வச்சேன். டியூப் மேல வச்சுட்டேன். தூக்கறப்பதான் பார்த்தேன், சப்பையா கிடந்தது. யார்கிட்டயும் சொல்லல. நான் பாட்டுக்குக் கரடி மாதிரி ஆடிக்கிட்டு இருந்தேன், அங்க அவர் மூச்சுக்கு…” துணியை முறுக்கினான். “எல்லாரும் தோளைத் தட்டுறாங்க. நீ தட்டாதே. நேரா சொல்லு. என்னாலயா?”

“இல்ல.”

“எனக்காகச் சொல்லாதே.”

லவோன் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, குரல் அப்படி இல்லை.

“நீங்க ரெண்டு பேரும் வாசல்ல பூட்ஸைத் தட்டிக்கிட்டு இருந்தீங்க. ஆறா நாலான்னு கத்திக்கிட்டு. அப்பவே போயிட்டார்டா. நீ கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி.”

லைல் தன் கையைப் பார்த்தான். காலியான ஆறு துளைகள், பாதி திறந்த கண், ஒவ்வொன்றாக மடங்கிய விரல்கள். அவை வெதுவெதுப்பாகத்தான் இருந்தன.

“அப்ப நான் அந்தக் கையில…”

“ஆமா.”

“நீ பார்த்துக்கிட்டே இருந்தே.”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா.”

கூரையை ஒட்டிய சின்ன ஜன்னலில் வாகனம் நிறுத்துமிடத்தின் பனியும் பூட்ஸ் கால்களும் மட்டும் தெரிந்தன. ஒரு பெரிய ஜோடி, சுடப்போகிறவனின் கால்களைப்போல அகட்டி ஊன்றி நின்றது. ஹால்வர் துப்பாக்கியைப் பிடித்த விதத்தை ராய்ஸ் யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தான்.

“நீங்க அவரோட பேசிக்கிட்டு இருந்தீங்க,” என்றாள் லவோன். “சொன்னா நிறுத்திடுவீங்க.”