முப்பத்தெட்டு என்று எழுதிய பெட்டி

தோட்டாவுக்கு முப்பத்தெட்டு என்று பெயர் வைத்தவனை நிற்க வைத்து நாலு அறை விட வேண்டும் என்று ஆயுதக் கிடங்குக்காரர் அடிக்கடி சொல்வார். ஒரு அங்குலத்தை நூறு கூறு போட்டால் அதில் முப்பத்தெட்டு என்று கணக்கு. ஆனால் அளந்து பார்த்தால் குண்டு முப்பத்தாறு கூடத் தேறாது. அந்தக் காலத்தில் ஈயக் குண்டும் பித்தளைக் கூடும் ஒரே பருமன். பிறகு குண்டை இளைக்க வைத்துக் கூட்டுக்குள் செருகினார்கள். பெயரை இளைக்க வைக்க யாருக்கும் தோன்றவில்லை. போதாக்குறைக்கு இரண்டு ரகத் தோட்டாவுக்கு அதே பெயர். ஒன்று ஒல்லி, நீளம். மற்றது குட்டை, மயிரிழை தடிமன் கூடுதல். ஒல்லிக்கான துப்பாக்கியில் குட்டை முழுசாக இறங்காது.

அதனால் யாருக்குக் கொடுத்தாலும் ஒன்றைத் துப்பாக்கியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அன்று மட்டும் பார்க்கவில்லை. வந்து நின்றது தங்கையின் கணவர், அவர் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே பணவண்டிக் காவலாளி. "மாப்பிள்ளைக்குக் கூடவா சோதனை?" என்று கேலி பேசிக்கொண்டே, 38 என்று எழுதிய பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

துப்பாக்கியைக் காலியாகவே வைத்திருக்க வேண்டும், ஆபத்து வந்தால்தான் நிரப்ப வேண்டும் என்பது கம்பெனி விதி. எவனோ ஒருத்தன் தன் காலையே சுட்டுக்கொண்டதால் வந்தது. மகா புத்திசாலிகள்.

அன்று மாலையே கொள்ளைக்காரர்கள் வண்டியை மறித்தார்கள். மாப்பிள்ளை செத்துப்போனார். துப்பாக்கி காலி, காலடியில் தோட்டாக்கள். கை நடுங்கிக் கீழே போட்டுவிட்டான், பயந்தாங்கொள்ளி என்று பேச்சு கிளம்பி வீடு வரை வந்தது. கிடங்குக்காரர் அந்தத் தோட்டாக்களைப் பார்த்தார். எல்லாம் குட்டை.

மேலாளர் அவரைத் தனியே கூப்பிட்டார். "பெட்டியிலயும் முப்பத்தெட்டு, துப்பாக்கியிலயும் முப்பத்தெட்டு. எவன் அளந்து பாக்கப் போறான்? வாயை மூடிட்டு இருந்தா உன் வேலை இருக்கும்."

மூடிக்கொண்டுதான் இருந்தார். பயம்தான், வேறென்ன?

அடக்கம் முடிந்த மறுநாள் தங்கை கேட்டாள். "தெருவுல தலை காட்ட முடியல அண்ணா. நீயாவது சொல்லு. அவர் பயந்துட்டாரா?"

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. "இல்லம்மா. நான் குடுத்த தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. பேரு ஒண்ணு, அளவு வேற. போட்டுப் பாக்காம குடுத்துட்டேன். அதான் உள்ள போகல."

திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தார். மாப்பிள்ளையின் மானமாவது மிஞ்சியதே என்று ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. அவள் அழக்கூட இல்லை.

"குளிப்பாட்டும்போது பாத்தேன்," என்றாள். "கட்டைவிரல் நகம் பிஞ்சு தொங்கிச்சு. விழுந்ததுல பட்டிருக்கும்னு நெனச்சேன். அழுத்தி அழுத்திப் பாத்திருக்கார்."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"பயந்து ஓடியிருந்தா பொழைச்சிருப்பாரே அண்ணா. நீ குடுத்ததுன்னு நம்பி நின்னுட்டார்."